முறுக்கு போதவில்லை, டீச்சர்

கேள்வி: நான் கோத்தகிரியில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. வயது 67. கனடாவில் எட்மன்டன் நகரில் இருக்கும் மகளுக்காக, சிறுவயதில் பள்ளியில் கற்ற தக்ளியை (கையால் சுழற்றி நூல் நூற்கும் சிறு கதிர்) மறுபடி எடுத்தேன். நீலகிரி ஆட்டுக் கம்பளியை நானே நூற்று, 3.5 மி.மீ. ஊசியில் 48 கண்ணிகள் போட்டு, ஒரு ஜோடி சாக்ஸ் பின்னி அனுப்பினேன். ஒரு மாதம்கூட ஆகவில்லை, இரண்டு குதிகாலும் ஓட்டை. அவள் என்னிடம் சொல்லவில்லை. வீடியோ அழைப்பில் காலை மடக்கி உட்கார்ந்தபோது, கறுப்பு நூலால் தைத்திருப்பது என் கண்ணில் பட்டுவிட்டது. விசாரித்தபோது, போட்டால் சாக்ஸ் ஒரு பக்கமாகத் திரும்பிக்கொள்கிறது என்றும் சொன்னாள். என் பின்னலில் என்ன தவறு? பேசாமல் கடை நூலே வாங்கிப் பின்னட்டுமா?
— வாசகி, கோத்தகிரி

பதில்:

அன்புள்ள டீச்சர்,

உங்கள் பின்னலில் தவறில்லை. நீங்கள் அனுப்பிய படத்தைப் பூதக்கண்ணாடி வைத்தே பார்த்தேன். கரும்பலகையில் எழுதிப் பழகிய கை என்பது தெரிகிறது. கண்ணிகள் வரிசை பிசகாமல் நிற்கின்றன. குதிகால் ஓட்டையைப் பற்றி மனம் நொந்து எழுதியிருக்கிறீர்கள். சாக்ஸ் திரும்பிக்கொள்வதைப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு விஷயத்தைக் காட்டிக்கொடுத்தது அந்த இரண்டாவதுதான். நூற்றதை அப்படியே ஒற்றை இழையாகப் பின்னிவிட்டீர்கள், இல்லையா?

ஒற்றை இழையில் ஏற்றிய முறுக்கு அவிழ்வதற்கு வழி தேடிக்கொண்டே இருக்கும். பின்னி முடித்த பிறகும் விடாது. ஒவ்வொரு கண்ணியையும் ஒரே பக்கமாக இழுக்கும். 48 கண்ணிகளும் ஒரு சாண் உயரத்துக்குச் சேர்ந்து இழுத்தால் சாக்ஸ் திரும்பாமல் என்ன செய்யும்? குதிகால் தேய்ந்ததற்கும் வேர் அங்கேதான். தரையிலோ ஷூவிலோ உரசும்போது ஒற்றை இழையிலிருந்து நார் நாராக உருவிக்கொண்டு வரும். பிடித்து நிறுத்தப் பக்கத்தில் இன்னோர் இழை இல்லை.

கயிறு திரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு புரியையும் ஒரு பக்கமாக முறுக்குவார்கள், பிறகு புரிகளைச் சேர்த்து எதிர்ப்பக்கமாக முறுக்குவார்கள். இரண்டு முறுக்கும் ஒன்றையொன்று மடக்கிப் பிடித்துக்கொள்வதால்தான் கையை விட்டாலும் கயிறு கயிறாகவே கிடக்கிறது. சாக்ஸ் நூலுக்கும் அதே கணக்குதான். இரண்டு புரி போதும் என்பவர்கள் உண்டு. நான் மூன்றுதான் என்பேன். இரண்டு புரி நூல் மேடும் பள்ளமுமாக இருக்கும். முப்புரி உருண்டு திரண்டு கண்ணிக்குள் நிறைந்து உட்காரும், தேய்மானத்தை மூன்று இழைகளும் பங்கு போட்டுக்கொள்ளும்.

இதில் தக்ளிப் பழக்கம் உங்களைக் கொஞ்சம் ஏமாற்றியிருக்கிறது. பள்ளியில் நீங்கள் நூற்றது பருத்தி. அதன் நார் ஓர் அங்குலத்தை ஒட்டியே இருக்கும், முறுக்கு ஒரு சுற்றுக் குறைந்தாலும் அறுந்து தக்ளி தரையில் விழுந்துவிடும். அந்தத் தக்ளிதான் உங்களுக்கு வாத்தியார். கம்பளி நார் நீளமானது. அரைகுறை முறுக்கிலேயே அறுந்துபோகாமல் நிற்கும். நிற்கிறதே, இது போதும் என்று கை அடுத்த பிடிக்குப் போய்விடுகிறது. சால்வைக்கு அது போதும், சாக்ஸுக்குப் போதாது.

ஒரு சோதனை சொல்கிறேன். புதிதாக நூற்ற இழையில் ஒரு முழம் எடுத்து, நடுவில் மடித்துத் தளர விடுங்கள். தன்னாலேயே ஒன்றோடொன்று சுற்றிக்கொள்ளும். சுற்றுகள் நெருக்கமாக, சணல் கயிறு மாதிரி திண்ணென்று விழுந்தால் சரி. கூந்தல் பின்னல் மாதிரி நெகிழ்ந்து விழுந்தால் இன்னும் முறுக்கு ஏற்ற வேண்டும். பிடித்த மாதிரி வந்த ஒரு துண்டை அட்டையில் கட்டி எதிரில் வைத்துக்கொண்டு நூற்றால், நாளைக்கு நூற்பதும் இன்றைக்கு நூற்றதும் ஒன்றாக இருக்கும்.

மூன்றைச் சேர்க்கப் போவதால் ஒவ்வோர் இழையும் இப்போது நூற்பதைவிட நன்றாக மெலிய வேண்டும். ஒரு ஜோடிக்கு ஏறத்தாழ 100 கிராம் கம்பளி, 350 முதல் 400 மீட்டர் முப்புரி நூல் பிடிக்கும். அப்படியென்றால் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஒற்றை இழை நூற்றாக வேண்டும். தக்ளியில் இது ஒரு மழைக்காலம் முழுக்கச் செய்யும் வேலை, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சேர்த்து முறுக்குவதற்குத் தக்ளி சிறியது. கனமான மரவட்டு வைத்த பெரிய கதிர் ஒன்றைத் தச்சரிடம் கடைந்து வாங்கிக்கொள்ளுங்கள். நூற்கும்போது வலப்பக்கம் சுழற்றினால் சேர்க்கும்போது இடப்பக்கம் சுழற்ற வேண்டும். ஆரம்பத்தில் நான் இரண்டையும் ஒரே பக்கமாகச் சுழற்றி, ஒரு வார உழைப்பை இடியாப்பச் சிக்கலாக்கி வைத்தேன். சேர்த்து முடித்த நூலைச் சிட்டமாக்கி, அதாவது பெரிய வளையமாகச் சுற்றிக் கட்டி, வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, துணியில் ஒற்றியெடுத்து, நிழலில் தொங்கவிடுங்கள். முறுக்கு அடங்கிவிடும்.

அடுத்து ஊசி. சாக்ஸுக்கு 3.5 மி.மீ. ஊசி மிகப் பெரிது. உங்கள் படத்தில் குதிகாலுக்குப் பின்னாலிருந்து ஜன்னல் வெளிச்சம் தெரிகிறது. வெளிச்சம் தெரிகிற இடத்தில் தேய்மானமும் நுழையும். முப்புரி நூல் மெல்லியதாக வந்தால் 2.25 மி.மீ. ஊசியில் அங்குலத்துக்கு 8 கண்ணிகள் விழும். மகளின் பாதச் சுற்றளவை அளந்து அனுப்பச் சொல்லுங்கள். 9 அங்குலம் என்றால் அதில் பத்தில் ஒரு பங்கைக் கழித்து 64 கண்ணிகள் போடலாம். சாக்ஸ் காலைவிடச் சற்றுச் சிறியதாக இருந்தால்தான் இழுத்துப் பிடிக்கும், தொளதொளவென்று ஷூவுக்குள் வழுக்கி உரசாது. சின்ன ஊசி கிடைக்கவில்லையே என்று கலங்க வேண்டாம். என் முதல் சாக்ஸ் ஊசிகள் சைக்கிள் கடையில் வெட்டி வாங்கிய ஐந்து ஸ்போக்ஸ் கம்பிகள். இரு முனைகளையும் உப்புத்தாளில் தேய்த்துக் கூராக்கிக்கொண்டேன். சாதாரணக் கம்பியின் பருமன் 2 மி.மீ. இன்றைக்கும் அவற்றில்தான் குதிகால் பின்னுகிறேன்.

குதிகாலை மட்டும் வேறு மாதிரி பின்னுங்கள். 64 கண்ணிகளில் பாதியை, 32ஐ, எடுத்துக்கொண்டு நேர்ப்பக்க வரிசையில் ஒரு கண்ணியைப் பின்னாமல் அடுத்த ஊசிக்கு மாற்றுங்கள், அடுத்ததைப் பின்னுங்கள். வரிசை முடியும்வரை இப்படியே. திரும்பி வரும் வரிசை முழுக்க பர்ல், அதாவது மறுபக்கக் கண்ணி. மாற்றிய கண்ணிகளுக்குப் பின்னால் நூல் ஓடுவதால் அந்த இடம் தடித்துவிடும். ஓட்டை விழுந்தது குதிகாலின் பின்புறமா, அடியிலா என்று மகளைக் கேளுங்கள். பின்புறம் என்றால் ஷூ உரசியிருக்கிறது. அடியில் என்றால் வீட்டுத் தரை; அப்படியானால் இந்தப் பின்னலைக் குதிகால் திரும்பும் இடத்திலும் விடாமல் தொடர வேண்டும்.

கம்பளியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீலகிரி ஆடு என்பது கோயம்புத்தூர் ஆட்டோடு டாஸ்மேனிய மெரினோ, செவியட், சவுத்டவுன் இனங்கள் கலந்து உருவானது. கம்பளி மெல்லிசு, உடம்பில் குத்தாது. ஆனால் மென்மைக்கும் உழைப்புக்கும் ஒத்துப்போவதில்லை. கையில் பட்டாகத் தெரியும் நார் காலடியில் சீக்கிரம் தேயும். உங்கள் மூட்டையில் சற்றே முரட்டு நாராக ஒதுக்கிவைத்த பங்கு இருந்தால், அதைக் குதிகாலுக்கும் விரல் நுனிக்கும் நூற்றுக்கொள்ளுங்கள்.

கடை நூல் வாங்கட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஷூ மாட்டிக்கொண்டு தினமும் வேலைக்குப் போகும் சாக்ஸ் என்றால் தாராளமாக வாங்குங்கள். கம்பளி 75, நைலான் 25 என்று கலந்த நூலின் ஆயுள் நம் கைநூலுக்கு வராது. இதை மறைத்து உங்களுக்கு நான் சமாதானம் சொல்லக் கூடாது. கைநூல் சாக்ஸ் வீட்டுக்கும் படுக்கைக்கும். மகள் வீட்டில் செருப்போடு போடுகிறவள் என்றால் கட்டைவிரலைத் தனியாகப் பிரித்தும் பின்னலாம். சிரிக்காதீர்கள். எகிப்தில் ஆக்ஸிரிங்கஸ் என்ற பழைய ஊரில் கிடைத்த சிவப்புக் கம்பளி சாக்ஸ் ஒரு ஜோடி லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. செருப்போடு போடுவதற்காக விரல் பிரித்து, ஒற்றை ஊசியால் செய்தது. வயது 1,600 ஆண்டுகள் இருக்கும்.

துவைப்பதைப் பற்றி மகளிடம் கண்டிப்பாகப் பேசுங்கள். சுடுதண்ணீரும் மெஷினும் சேர்ந்தால் கம்பளி சுருங்கிக் கெட்டிப்பட்டுவிடும். ஆறிய தண்ணீர், கொஞ்சம் ஷாம்பு, பிழியாமல் துண்டில் சுருட்டி ஒற்றுவது, அவ்வளவுதான்.

அந்தப் பழைய ஜோடியை அவள் தூக்கிப் போட்டுவிடப் போகிறாள், உடனே தடுத்துவிடுங்கள். அடுத்த முறை ஊருக்கு வரும்போது எடுத்துவரச் சொல்லுங்கள். மேலிருந்து கீழாகப் பின்னிய சாக்ஸ்தானே? கறுப்புத் தையலைப் பிரித்துவிட்டு விரல் நுனியிலிருந்து அவிழ்த்துக்கொண்டே வந்தால் கணுக்கால்வரை சுலபமாக வந்துவிடும். அங்கே கண்ணிகளை ஊசியில் ஏற்றி, எண்ணிக்கையைச் சீராகக் கூட்டிக்கொண்டு, புது முப்புரி நூலில் குதிகாலையும் பாதத்தையும் மட்டும் பின்னிவிடுங்கள். மேல்பகுதி கொஞ்சம் திரும்பித்தான் நிற்கும். நிற்கட்டும். மீதி நூலில் பத்து கிராமை ஒரு சின்ன உருண்டையாகச் சுற்றி, ஒரு கம்பளி ஊசியோடு அவள் பெட்டியில் வைத்து அனுப்புங்கள். அடுத்த முறை மெலிகிற இடத்தில் கறுப்பு நூல் ஏறாமல் இருக்கும்.