அலர்ஜி உள்ள குழந்தைக்குக் கோபமும் அழுகையும் கூடவே வருமா?

ஆறு வயது மகனுக்கு வருடம் முழுக்கத் தும்மல், அரிப்பு, இப்போது கோபமும் அழுகையும் சேர்ந்திருக்கிறது, இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. வீட்டில் உங்கள் வளர்ப்பைத்தான் குறை சொல்லியிருப்பார்கள். எனக்கும் அதுதான் நடந்தது.

எங்கள் வீடு காவேரிப்பட்டணம் பக்கம், மாந்தோப்பை ஒட்டி இருக்கிறது. மகன் இரண்டாம் வகுப்பு படித்தபோது விடிந்தால் தும்மல்தான். உள்ளங்கையால் மூக்கை மேலே தள்ளித் தள்ளித் தேய்த்து, மூக்கின் குறுக்கே ஒரு கோடே விழுந்துவிட்டது. பள்ளியில் என்னைக் கூப்பிட்டு, "ஒரு இடத்துல உட்கார மாட்டேங்கிறான், பக்கத்துப் பையனைக் கிள்றான், கேட்டா அழறான்" என்றார்கள். ஒரு நாள் சாயங்காலம் வீட்டுப்பாட நோட்டைக் கிழித்துப் போட்டான். கரண்டிக் காம்பால் அடித்துவிட்டேன். "மூக்குக்குள்ள எறும்பு ஓடுதும்மா, எழுத முடியல" என்று தேம்பினான். சாக்கு சொல்கிறான் என்று இன்னொரு அடி கொடுத்தேன். நான்கு வருடம் ஆகியும் அந்த இரண்டாவது அடி எனக்கு ஆறவில்லை.

அன்று ராத்திரி தூக்கம் வராமல் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறந்து மூச்சு விடுகிறான், முழங்கை மடிப்பைச் சொறிகிறான், எழுந்து உட்கார்ந்து மறுபடி சாய்கிறான். விடிவதற்குள் ஒன்பது முறை. இப்படித் தூங்கினால் பெரியவர்களே எரிந்து விழுவோம், ஏழு வயதுப் பிள்ளை என்ன செய்வான்?

தை மாதம் என்பதால் மாம்பூதான் காரணம் என்று அத்தை முதற்கொண்டு எல்லாரும் சொன்னார்கள். அலர்ஜி டாக்டர் தோலில் சொட்டு விட்டுக் குத்திப் பார்த்தார். (அதற்கு முன் சில நாள் தும்மல் மாத்திரையை நிறுத்த வேண்டும், அந்த நாட்கள் கொடுமை.) தடித்தது மாம்பூவுக்கு இல்லை, வீட்டுத் தூசியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிக்கு. மாம்பூவின் மகரந்தம் பிசுபிசுப்பானது, ஈயும் தேனீயும்தான் சுமந்து போகும், காற்றில் அதிகம் பறக்காது என்றார். அவன் பிறந்ததிலிருந்து படுத்த பழைய இலவம்பஞ்சு மெத்தையை அன்றே அப்புறப்படுத்தினோம். வாரம் ஒரு முறை விரிப்புகளைக் கொதிக்கிற வெந்நீரில் துவைத்தேன், தினமும் மூக்கில் ஸ்பிரே. இரண்டு மாதத்தில் இரவு முழுக்கத் தூங்கினான், கிள்ளுவதும் நின்றது. கோபம் முழுசாகப் போகவில்லை, அது அவன் சுபாவம்.

எல்லாவற்றுக்கும் அலர்ஜியைச் சொல்லிச் செல்லம் கொடுக்கிறார்கள் என்று யாராவது எழுதுவார்கள். நான் டாக்டர் இல்லைதான். ஆனால் அமெரிக்காவின் சின்சினாட்டியில் 546 குழந்தைகளைச் சிறு வயதிலிருந்து கவனித்திருக்கிறார்கள். நான்கு வயதில் தும்மல், கண் அரிப்பு, இளைப்பு இருந்தவர்களுக்கு ஏழு வயதில் பதற்றமும் மனச்சோர்வும் கூடுதலாகத் தெரிந்தன. ஒன்றால்தான் இன்னொன்று வந்தது என்று அது நிரூபிக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒதுங்கி மௌனமாக இருக்கும் பிள்ளையையும் கவனிக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அப்புறம், மருந்துச் சீட்டில் மான்டெலுகாஸ்ட் (அலர்ஜிக்கும் இளைப்புக்கும் கொடுக்கும் மருந்து) என்று இருக்கிறதா என்று பாருங்கள். முதலில் காட்டிய டாக்டர் எங்களுக்கு அதைத்தான் கொடுத்தார், பின்விளைவு பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பையன் கெட்ட கனவு கண்டு அலறினான். மனநிலை, நடத்தை மாறலாம் என்று 2020 மார்ச்சில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கட்டம் கட்டி எச்சரித்திருக்கிறது. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், இளைப்பு உள்ள பிள்ளை என்றால் ஆபத்து. டாக்டரிடம் கேளுங்கள்.

பரிசோதனைக்குப் பெங்களூருதான் போனோம். எங்கள் மாவட்டத் தலைநகரமான கிருஷ்ணகிரிக்கு இப்போது ரயில் இல்லை. வெள்ளைக்காரர் காலத்தில் திருப்பத்தூரிலிருந்து ஓடிய சின்ன ரயிலும் போய்விட்டது. தேர்தலுக்குத் தேர்தல் பாதை வருகிறது என்கிறார்கள். பஸ்ஸில் பிள்ளை வாந்தி எடுக்க எடுக்கப் பிடித்துக்கொண்டு போன என்னைப் போன்றவர்களிடம் வந்து அதைச் சொல்லட்டும்.

உங்கள் பையன் எதில் படுக்கிறான், இரவில் எத்தனை முறை எழுகிறான் என்று ஒரு வாரம் பார்த்துக் கீழே எழுதுங்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.