‘லைன்’ என்று எழுதிய பிள்ளை: கடிதம்

வணக்கம். இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கட்டுரையில் ‘ஐ லிவ் இன் எ லைன்’ என்று எழுதியிருந்தாள். உடன் வேலை செய்யும் ஆசிரியர் அதை வெட்டி ‘ஹவுஸ்’ என்று போடச் சொல்கிறார். கையிலிருக்கும் அகராதியில் லைன் என்றால் கோடு, வரி, வரிசை, கயிறு; வசிப்பிடம் என்று இல்லை. தோட்டத் தொழிலாளரின் வரிசை அறைகளை நாங்கள் லயம் என்கிறோம்; அந்தச் சொல்லே குதிரை லாயத்திலிருந்து வந்தது என்றும் சிலர் சொல்கிறார்கள். எதைச் சொல்லிக்கொடுப்பது?

ஒரு வாசகர்

அன்பின் ஆசிரியருக்கு,

சொல் சரி, வாக்கியம்தான் பிசகு. ‘இன் எ லைன்’ என்று படிக்கும் வெளியாள், பிள்ளை கியூவில் நிற்கிறாள் என்றே நினைப்பார். ‘இன் எ லைன் ரூம்’ என்று திருத்துங்கள், போதும். இலங்கை ஆங்கிலத்தில் அது ஊறிப்போன வழக்கு. அதை வெட்ட வேண்டியதில்லை.

லத்தீனில் லினம் என்றால் ஆளிச்செடி. அதன் நாரில் திரித்த நூலிலிருந்து வந்ததுதான் இந்தச் சொல். தூண்டில் நூல், மேசன் பிடிக்கும் நூல், பிறகு கோடு, பிறகு வரிசையாக இருக்கும் எதுவும். பிரிட்டிஷ் ராணுவத்தில் வரிசையாகப் போட்ட கூடாரங்களையும் குடிசைகளையும் பன்மையில் ‘லைன்ஸ்’ என்றார்கள். தமிழ்நாட்டில் போலீஸ் லைன் என்பதும் இந்தப் பொருளில்தான். கோப்பித் தோட்டக் காலத்தில் தொழிலாளருக்கு வரிசையாக அறை கட்டியபோது அதே பெயர் மலைக்கு ஏறியது. நம் வாயில் லயன் ஆகி, லயம் ஆனது. லாயக் கதை ஒலிக்குப் பொருந்துகிறது, அந்த அறைகளைப் பார்த்தவரின் கோபத்துக்கும் பொருந்துகிறது. ஆனால் லயன் என்ற வடிவம் இன்றும் பேச்சில் இருக்கும்போது லாயத்தைத் தேடிப் போகத் தேவையில்லை.

இதைப் பிள்ளைகளுக்கு இன்னும் கொஞ்சம் விரித்துச் சொல்லுங்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டும் ‘பரேட்’ என்ற ராணுவச் சொல்தான். குடியிருப்புக்கும் ஆள் கூட்டுவதற்கும் முகாமின் சொற்கள் வந்திருக்கின்றன. மலையில் கொழுந்தெடுக்கும் வரிசைக்கு மட்டும் நம் ஆட்கள் ‘நிரை’ என்ற பழந்தமிழ்ச் சொல்லையே வைத்துக்கொண்டார்கள். ஆங்கிலத்தில் அதுவும் லைன்தான். எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது. வேலை செய்த இடத்துக்குத் தங்கள் சொல் இருந்தது. இருந்த இடத்துக்குக் கட்டினவன் வைத்த பெயர்.

ஆகவே ‘ஹவுஸ்’ என்று மாற்றுவதை நான் ஏற்கமாட்டேன். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா, அதாவது ஒற்றை அறை, சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம், காலடியில் உள்ள நிலமும் தோட்டத்துடையது. இதை ‘ஹவுஸ்’ என்றால் படிப்பவருக்கு ஒன்றுமே தெரியாது. ஏழு பேர்ச்சஸ் (சுமார் 1,900 சதுர அடி) காணியில் தனி வீடு கிடைத்த பிள்ளைகள் ‘ஹவுஸ்’ என்று எழுதட்டும், அது அவர்களுக்குச் சரியான சொல்.

மற்றப் பொருள்களையும் ஊரிலிருந்தே எடுத்துக் காட்டலாம். 1924இல் பதுளையை எட்டிய ரயில் பாதைக்குப் பெயரே ‘மெயின் லைன்’. டெலிபோன் லைன், பாட்டின் ஒரு லைன் எல்லாம் அவர்களுக்குத் தெரிந்தவைதான், அதிக நேரம் வேண்டாம். ‘இன்’, ‘ஆன்’ என்ற முன்னிடைச் சொற்களுக்குத்தான் ஒரு முழுப் பாடவேளை வேண்டும். ‘இன்’ சேர்ந்ததால்தான் லைன் கியூ ஆனது; அந்தப் பிள்ளை தடுக்கியதும் அங்கேதான்.