கரகரப்புக்குக் காரணம் தூசி மட்டும்தானா?

கேள்வி: தாத்தாவின் பெட்டியில் எழுபது, எண்பது இசைத்தட்டுகள் கிடைத்தன. பாதி எல்.பி. (நிமிடத்துக்கு 33 சுற்று), மீதி பழைய 78 (நிமிடத்துக்கு 78 சுற்று). சிலவற்றில் பூஞ்சை படிந்திருக்கிறது. சூட்கேஸ் மாடல் பிளேயர் ஒன்று வாங்கிப் போட்டால் 78 எல்லாம் ஒரே கரகர. எல்லாத் தட்டுக்கும் ஆகும் என்று ஒரு கடையில் கிளீனிங் திரவம் தருகிறார்கள். அதில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் என்று போட்டிருக்கிறது. வாங்கலாமா? (வாசகர், மதுரை)

பதில்: அந்த பாட்டிலை 78 பக்கமே கொண்டு போகாதீர்கள். எல்.பி. வினைல் என்ற பிளாஸ்டிக்கால் ஆனது. 78 தட்டுகளோ பெரும்பாலும் அரக்கால் ஆனவை, ஆல்கஹால் அரக்கைக் கரைத்துவிடும். ஒரு முறை துடைத்தாலே மேல்பரப்பு போய்விடும், திரும்ப வராது. இந்தியாவில் அறுபதுகளிலும் 78 அச்சானது, பீட்டில்ஸ் பாட்டுகூட இங்கே 78இல் வந்திருக்கிறது. அதனால் பாட்டு எந்தக் காலத்தது என்பதை வைத்து முடிவு செய்யாமல், லேபிளில் வேகத்தைப் பாருங்கள். 78 என்று இருந்தால் ஆல்கஹால் கூடவே கூடாது.

அதைவிட முக்கியமாக, உங்கள் கரகரப்பில் பெரும் பங்கு ஊசியால் வருவதாக இருக்கலாம். எல்.பி. ஊசியின் முனை ஏறத்தாழ 18 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). 78க்கு வேண்டியது 75 மைக்ரான் அளவில். சூட்கேஸ் பிளேயரில் 78 வேகம் இருக்கும், ஆனால் ஊசி பொதுவாக எல்.பி.க்கானதுதான். அந்த மெல்லிய முனை அகலமான பள்ளத்தின் அடியில் இறங்கி, அங்கே கிடக்கும் அழுக்கையும் தேய்மானத்தையும்தான் வாசிக்கும். எவ்வளவு கழுவினாலும் இது தீராது. திரவத்துக்கு வைத்திருக்கும் பணத்தை 78க்கான தனி ஊசிக்குப் போடுங்கள். உங்கள் மாடலுக்குக் கிடைக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். வைர முனைதானா என்றும் கேளுங்கள். வைரம் 500 முதல் 1000 மணி நேரம் வரை உழைக்கும், நீலக்கல் முனை அதில் சிறு பங்குதான் வரும்.

சரி, பூஞ்சை. மூக்கை மூடிக்கொண்டு, வெளியே வைத்து, காய்ந்த மென்மையான பிரஷ்ஷால் முதலில் தட்டிவிடுங்கள். பிறகு டிஸ்டில்ட் வாட்டரில் வாசனையில்லாத பாத்திர சோப்புத் திரவம் ஓரிரு சொட்டு விட்டு, மைக்ரோஃபைபர் துணியில் நனைத்து, வரிகள் ஓடும் போக்கிலேயே துடையுங்கள், குறுக்கே வேண்டாம். லேபிள் நனையக் கூடாது. அப்புறம் வெறும் டிஸ்டில்ட் வாட்டரால் ஒரு முறை துடைத்தெடுங்கள். போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம், அதன் உப்பு பள்ளத்தில் தங்கிவிடும். 78ஐ ஊற வைக்காமல் சட்டென்று முடித்து உடனே உலர்த்துங்கள். பூஞ்சை பரப்பை அரித்திருந்தால் அந்த இரைச்சல் மட்டும் இருந்துகொண்டே இருக்கும், அதை எந்தத் திரவமும் போக்காது. சுத்தமான தட்டைப் பழைய பூஞ்சை உறையிலேயே போடாமல் புது பாலித்தீன் உள்ளுறையில் போட்டு, நிமிர்த்தி வையுங்கள். பி.வி.சி. உறை வினைலைக் கெடுக்கும்.

ஊசியை விரலால் தொடாதீர்கள். சிறு பிரஷ்ஷால் பின்னிருந்து முன்னாக மட்டும் துடைக்கலாம். பக்கவாட்டில் இழுத்தால் ஊசி தாங்கும் தண்டு வளைந்துவிடும். மேஜிக் ஸ்பான்ஜ் என்று விற்கும் வெள்ளை மெலமைன் துண்டின்மேல் ஊசியை நேராக இறக்கித் தூக்கினாலும் அழுக்கு வந்துவிடும். இழுக்காமல் இருந்தால் சரி.

கேள்வி: நல்ல டர்ன்டேபிள் இருக்கிறது. 'குறைவாகப் பயன்படுத்திய' கார்ட்ரிட்ஜ் (ஊசி பொருந்தியிருக்கும் பகுதி) ஒன்று இணையத்தில் விலைக்கு வருகிறது. எடுக்கலாமா? (வாசகர், சேலம்)

பதில்: எத்தனை மணி நேரம் ஓடியது என்பதற்கு விற்பவர் வார்த்தை தவிர ஆதாரம் இல்லை. தேய்ந்த ஊசி உங்கள் தட்டுகளையும் சேர்த்தே அரைக்கும். அதனால் ஊசிக்கு மதிப்பே இல்லை என்று வைத்து, உடல் பகுதிக்கு மட்டும் விலை பேசுங்கள். புது ஊசி தனியாகக் கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். ஆடியோ டெக்னிகாவின் விஎம்95 கார்ட்ரிட்ஜ் வரிசையில் ஊசியை மட்டும் கழற்றி மாற்றலாம், அதிலேயே 78க்கும் தனி ஊசி உண்டு. புதிதாகவே வாங்க முடிந்தால் அந்த வழியைத்தான் சொல்வேன்.