ஒற்றை வயலினுக்கு இங்கே என்ன வேலை?

அன்புள்ள ஐயா,

மலையகத்தில், கொட்டகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் சங்கீதம் படிப்பிக்கிறேன். எங்கள் மாரியம்மன் திருவிழாவில் இம்முறை வயலின் தனிக் கச்சேரி வைத்தார்கள். வாசித்தவர் எங்கள் லயத்துப் பிள்ளைதான், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில் பிறந்தவர். யாழ்ப்பாணத்தில் படித்துவிட்டு வந்தவர். பாட்டு இல்லை, துணைக்கு மிருதங்கம் மட்டும். தியாகராஜர், தீட்சிதர் என்று ஒன்றரை மணி நேரம் வாசித்தார். பாதியில் இளைஞர்கள் சினிமாப் பாட்டுக் கேட்டுக் கூச்சல் போட்டார்கள். என் கோபம் வேறு. நாட்சம்பளத்துக்காகப் போராடுகிற சனத்தின் முன்னால், அந்தச் சனத்தின் பிள்ளை, அவர்கள் வாழ்க்கையைப் பற்றி ஒன்றுமே இல்லாமல் வாசித்துவிட்டுப் போகலாமா? தனியாக உட்கார்ந்து தந்தி மீட்டுகிறவரால் சமூகத்துக்கு என்ன பயன்? யாரைப் பார்த்து இப்படி வாசிக்கிறார்? இன்னொன்று, என்னிடம் படிக்கும் பிள்ளைகள் இருவர் வயலின் பழக ஆசைப்படுகிறார்கள். என்ன வாங்குவது?

ஒரு வாசகி

அன்புள்ள டீச்சர்,

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. அது அந்த இளைஞர்மேல் போய் விழுவதுதான் ஒப்பவில்லை.

தொழிலாளர் துயரத்தை மேடையில் பாடிய மரபு நமக்கு உண்டு. தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரோடு தோட்டங்களுக்குப் போன அவர் மனைவி மீனாட்சி அம்மையார் கூட்டங்களில் பாடினார். அந்த வேலைக்குச் சொல் வேண்டும். வயலினிடம் சொல் இல்லை. சம்பள உயர்வு கேட்கிற ராகம் என்று ஒன்றை எந்த வித்துவானாலும் வாசிக்க முடியாது. அதைக் கேட்பதற்குத் தொழிற்சங்கங்கள் இருக்கின்றன, அவை கேட்கிற இலட்சணம் வேறு கதை.

யாரைப் பார்த்து வாசிக்கிறார் என்றீர்கள். நம் சங்கீதத்துக்குள் வயலினைக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் பாலுசுவாமி தீட்சிதர், முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி. அதன் பிறகு நெடுங்காலம் அது பாடகருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பின்னாலேயே வந்த வாத்தியம். துவாரம் வேங்கடசாமி நாயுடு 1938இல் வேலூரில் தனிக் கச்சேரி செய்தார். வயலின் நடுவில் வந்து உட்கார்ந்த முதல் மேடை என்று அதைச் சொல்வார்கள். பிறகு லால்குடி ஜெயராமன், எம்.எஸ். கோபாலகிருஷ்ணன், டி.என். கிருஷ்ணன் என்று ஒரு பெரிய வரிசை. நம் நாட்டுக்கும் இதில் பங்குண்டு. வி. லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் வயலின் கற்பித்தவர். அவருடைய மகன் எல். சுப்பிரமணியம் பிள்ளைப் பருவத்தைக் கழித்தது அங்கேதான். 1958 இனக் கலவரம் அந்தக் குடும்பத்தை இந்தியாவுக்கு அனுப்பியது. யாழ்ப்பாணத்தில் படித்த உங்கள் பிள்ளை இந்தப் பெயர்களைக் கேட்காமல் வளர்ந்திருக்க மாட்டார்.

இனி, உங்கள் கடிதத்தில் ஓர் ஓரமாக வந்து போகிற ஒரு செய்திக்கு வருகிறேன். இளைஞர்கள் கூச்சல் போட்டார்கள் என்கிறீர்கள், எழுந்து போனதாக எழுதவில்லை. பெரியவர்களைப் பற்றிப் பேச்சே இல்லை. அவர்கள் இருந்து கேட்டிருப்பார்கள் என்றே நினைக்கிறேன். நம் சனத்துக்குச் சினிமாப் பாட்டுத்தான் காதில் ஏறும் என்ற எண்ணம் கொழும்பில் இருப்பவர்களுக்கு மட்டுமல்ல, நம்மில் படித்தவர்களுக்கும் உண்டு. மாசி மாதத்தில் காமன் கூத்துக்குக் கம்பம் நட்டு, இரதி மன்மதன் கதையை இரவிரவாகப் பாடி ஆடி, மன்மதனை எரிக்கும் வரை பனியில் உட்கார்ந்திருக்கிற சனம் இது. தப்பு என்ற பறையின் அடி மாறியதும் அடுத்து யார் வரப்போகிறார் என்று சொல்லிவிடுவார்கள். இந்தக் காதுகளுக்கு இருபது நிமிட ஆலாபனை ஒரு பாரமா? அந்த இளைஞர் இதை நம்பித்தான் வாசித்திருக்கிறார். உங்கள் தோட்டத்துக்கு அவர் செய்த மரியாதை அது.

ஆனாலும் உங்கள் கேள்வியில் ஒரு பாதி எனக்கும் உடன்பாடு. நம்முடைய தாலாட்டும் ஒப்பாரியும் அவர் வில்லில் வர வேண்டும். வயலினில் வீணைக்குப் போல விரல் அழுத்தும் மெட்டுக் கட்டைகள் கிடையாது. விரல் தந்தியில் வழுக்கிக்கொண்டு போகலாம். ஒப்பாரியில் குரல் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு உடைந்து இறங்குகிறதே, அதைப் பிடிக்க இதைவிடப் பொருத்தமான வாத்தியம் எனக்குத் தெரியவில்லை. நாட்டார் மெட்டு சங்கீதத்துக்கு அந்நியமும் இல்லை. நாதநாமக்கிரியை, புன்னாகவராளி, குறிஞ்சி ஆகிய ராகங்கள் மூன்றும் நாட்டார் வழக்கோடு ஒட்டியவை. மூன்றுமே மேல்சட்சத்தை, அதாவது மேல் ‘ஸ’வைத் தொடாதவை; முதல் இரண்டும் நிஷாதத்தோடும் (நி), குறிஞ்சி அதற்கும் கீழே தைவதத்தோடும் (த) நின்றுவிடும், பயிற்சி இல்லாத தொண்டைக்கும் எட்டுகிற உயரம் அது. மூன்று ஸ்தாயி போகக்கூடிய வயலினை வைத்துக்கொண்டு இந்தச் சின்ன எல்லைக்குள் நின்று வாசிப்பதற்கு அடக்கம் வேண்டும், வேகமாக வாசிப்பதைவிட அது கடினம்.

இதில் எனக்கு ஒரு பயமும் உண்டு. தோட்டத்துச் சனத்தில் பெரும்பகுதியை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் குடும்பங்கள் பிரிந்து தலைமன்னாருக்குக் கோச்சி ஏறியபோது இந்த மலைப்பகுதிப் புகையிரத நிலையங்களில் எழுந்த ஒப்பாரியைச் சொல் நீக்கி, எதிரொலி சேர்த்து, மேடையில் நீல விளக்குப் போட்டு வாசித்தால் அது ஹோட்டல் வரவேற்பறையில் ஓடவிடுகிற இசையாகிவிடும். லால்குடி ஜெயராமன், பாட்டின் சொல் எங்கே பிரிகிறதோ அங்கேதான் வில்லைத் திருப்புவார் என்பார்கள். கீர்த்தனைக்குச் செய்கிற அந்த மரியாதையை ஒப்பாரிக்கும் செய்ய வேண்டும். முதலில் அதைப் பாடத் தெரிந்த கிழவிகளிடம் போய் உட்கார்ந்து வரி வரியாகப் பாடிப் பழக வேண்டும், வில்லை அப்புறம் எடுக்கலாம். டீச்சர், இதில் உங்களுக்கும் வேலை இருக்கிறது. அந்தக் கிழவிகள் யார், எந்த லயத்தில் இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். ஊரைவிட்டுப் போய்ப் படித்து வந்த அவருக்குத் தெரியாமல் இருக்கலாம்.

சினிமாப் பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. ஒலிப்பதிவை ஓடவிட்டு அதன்மேல் வயலின் வாசிக்கிற கலியாண நிகழ்ச்சிகளை நான் ஏளனம் செய்ய மாட்டேன். அதில்தான் பலருக்கு அடுப்பு எரிகிறது. கோயில் கமிட்டிகள் பொன்னாடை போர்த்துவதில் காட்டுகிற அக்கறையைக் காசு கொடுப்பதில் காட்டுவதில்லை. சமூகத்துக்கு அவரால் என்ன பயன் என்று கேட்கிற நாம், அன்று அவர் கையில் எவ்வளவு வைத்தோம் என்பதையும் விசாரிக்கலாம்.

பிள்ளைகளுக்கான வயலின்: எட்டு, ஒன்பது வயது என்றால் அரை அளவு, கொஞ்சம் வளர்ந்தவர்களுக்கு முக்கால் அளவு. வளரும்தானே என்று முழு அளவை வாங்கிக் கொடுத்தால் கை நீட்டி நீட்டியே தோள் கெட்டுவிடும். நம் ஊர் ஈரம் இந்த வாத்தியத்துக்கு எதிரி. முறுக்காணி ஊதி இறுகும், பசை விட்டுப் பலகை வாய் பிளக்கும், வில்லின் குதிரைமயிர் தளரும். வாசித்து முடிந்ததும் வில்லைத் தளர்த்தி, வாத்தியத்தைத் துடைத்துப் பெட்டிக்குள் வைக்கச் சொல்லுங்கள். பெட்டியை லயத்துச் சுவரோடு சாய்த்து வைக்க வேண்டாம், அடுப்புக்குப் பக்கத்திலும் வேண்டாம். தந்தி இரண்டு செட் கூடுதலாக வாங்கிவிடுங்கள், முதலில் அறுவது மெல்லிய மேல்தந்திதான். விலை கொடுக்கும் முன்னால் அந்த இளைஞரையே கூட்டிக்கொண்டு போய் வாசித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.