சுவாஹிலி எதற்கு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சிறுவயதிலேயே அமெரிக்கா வந்துவிட்டவள் நான். கணிதத்தில் பட்டம் முடித்திருக்கிறேன். அமெரிக்க அரசின் தன்னார்வத் தொண்டர் அமைப்பான பீஸ் கோர் வழியாகத் தான்சானியாவில் உயர்நிலைப் பள்ளிக் கணித ஆசிரியையாகப் போகத் தேர்வாகியிருக்கிறேன். மொத்தம் 27 மாதங்கள். அதில் முதல் மூன்று மாதங்கள் பயிற்சியிலேயே போய்விடும். ஒரு உள்ளூர்க் குடும்பத்தோடு தங்கி, அந்நாட்டின் பொதுமொழியான சுவாஹிலி கற்க வேண்டுமாம். அங்கே உயர்நிலைப் பள்ளிப் பாடமெல்லாம் ஆங்கிலத்தில்தானே நடக்கிறது? அந்த மூன்று மாதத்தையும் வகுப்பறையில் செலவிட்டால் பிள்ளைகளுக்குப் பயன்படாதா? அம்மாவோ மலேரியாவை நினைத்துத் தூங்குவதில்லை. நீங்கள் அங்கே கற்பித்தவர் என்பதால் கேட்கிறேன்.

ம.

அன்புள்ள ம.,

வாழ்த்துகள். நீங்கள் வீண் என்று நினைக்கும் அந்த மூன்று மாதத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

பாடமொழி ஆங்கிலம் என்பது உண்மை. ஆனால் ஃபார்ம் ஒன்னில், அதாவது உயர்நிலைப் பள்ளியின் முதல் வருடத்தில், உங்கள் முன்னால் வந்து உட்காரும் பிள்ளை, அரசுத் தொடக்கப் பள்ளியில் ஏழு வருடம் எல்லாவற்றையும் சுவாஹிலியில் படித்த பிள்ளை. ஆங்கிலம் அதற்கு ஒரு பாடமாக மட்டுமே இருந்தது. உயர்நிலைப் பள்ளிக்கு வந்ததும் கணிதம், இயற்பியல், புவியியல் எல்லாம் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகின்றன. கிராமமாக இருந்தால் வீட்டில் பேசுவது இன்னொரு மொழி. இரிங்கா பக்கம் ஹெஹே, விக்டோரியா ஏரிக்குத் தெற்கே சுகுமா. ஆக, மூன்றாவது மொழியில் அந்தப் பிள்ளை அல்ஜீப்ரா கற்கிறது.

அதற்கு முக்கோணம் என்றால் என்னவென்று நன்றாகத் தெரியும், ஆனால் 'பெம்பேதாத்து' என்ற பெயரில். நீங்கள் பலகையில் 'டிரையாங்கிள்' என்று எழுதினால் அழகான கையெழுத்தில் நகல் எடுத்துக்கொள்ளும். புரிந்ததா என்று கேட்டால் வகுப்பே ஒரே குரலில் 'யெஸ்' என்று சொல்லும். அந்த 'யெஸ்'ஸை நம்பிப் பாடத்தை நகர்த்திக்கொண்டே போகும் ஆசிரியர்கள் உண்டு. ஃபார்ம் ஃபோர் தேசியத் தேர்வில் கணிதத்தில் ஏறக்குறைய நான்கில் ஒருவர்தான் தேறுகிறார். மொழி மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். ஆசிரியர் பற்றாக்குறை, புத்தகத் தட்டுப்பாடு, பலவீனமான அடிப்படை எல்லாம் சேர்ந்துதான் இந்த நிலை. ஆனால் இவற்றில் மூன்று மாதத்தில் நீங்கள் ஏதாவது செய்துகொள்ள முடிவது மொழியில் மட்டும்தான்.

பீஸ் கோரின் முதல் ஆசிரியர் குழு 1961 ஆகஸ்டில் கானாவின் அக்ராவில் போய் இறங்கியது. அவர்களுக்குப் பயிற்சி கலிபோர்னியாவில், பெர்க்லி பல்கலைக்கழகத்தில் நடந்தது. பிறகு பயிற்சியை அந்தந்த நாட்டுக்கே மாற்றிக்கொண்டார்கள். மிகச் சரியான முடிவு அது. விரிவுரை மண்டபத்தில் உட்கார்ந்து ஒரு ஊரின் காலைப்பொழுதைக் கற்க முடியாது. சுவாஹிலி வழக்கில் பொழுது விடிவதிலிருந்துதான் மணியை எண்ணுவார்கள். நம் காலை ஏழு மணி அங்கே ஒரு மணி. இதைப் புத்தகத்திலும் படிக்கலாம்தான். ஆனால் தங்கியிருக்கும் வீட்டுப் பாட்டியிடம் ஒரு மணிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு மதியம் போய் நின்றால், பிறகு ஆயுளுக்கும் மறக்காது. பெரியவர்களைக் கண்டால் 'ஷிகமோ' என்று முதலில் வணங்க வேண்டியது நீங்கள்தான். ஆசிரியர் அறையில் மூத்த ஆசிரியரைப் பார்த்து வெறுமனே தலையசைத்துவிட்டுப் போகிறவரிடம் யாரும் மனம்விட்டுப் பேசமாட்டார்கள். அவர்கள் பேசாவிட்டால், எந்தப் பிள்ளை எத்தனை தூரம் நடந்து வருகிறது, யார் வீட்டில் அறுவடைக்குப் பிள்ளையை நிறுத்திக்கொள்கிறார்கள் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியாமலே போகும்.

பயிற்சியில் மாதிரி வகுப்பு எடுக்கச் சொல்வார்கள். அதைப் பொருட்படுத்திச் செய்யுங்கள். பலகையைப் பத்தி பிரித்து எழுதுவது, கடைசி பெஞ்சுக்கும் தெரியும்படி எழுதுவது, எழுதும்போதே வகுப்பைக் கவனிப்பது இவையெல்லாம் கணிதப் பட்டத்தோடு வருவதில்லை. 60, 70 பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில், பலருக்குப் பாடநூல் இல்லாத நிலையில், நீங்கள் பலகையில் எழுதுவதுதான் அவர்களுக்குப் பாடநூல். அங்கே ஒரு தவறு இருந்தால் அத்தனை நோட்டுகளிலும் அந்தத் தவறு ஏறிவிடும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பிரம்படி அங்கே சட்டப்படி இன்னும் உண்டு. உங்கள் பயிற்சியாளர்கள் இதைப் பற்றிப் பேசுவார்கள், நீங்கள் கை ஓங்கக்கூடாது என்பதில் கண்டிப்பாக இருப்பார்கள். ஆனால் பக்கத்து வகுப்பிலிருந்து சத்தம் கேட்கும். இந்த டீச்சர் அடிக்கமாட்டார் என்று தெரிந்ததும் உங்கள் வகுப்பு உங்களைச் சோதித்துப் பார்க்கும். தாமதமாக வந்தால் என்ன, வீட்டுப்பாடம் செய்யாவிட்டால் என்ன என்பதை முதல் வாரத்திலேயே முடிவு செய்து எல்லாரிடமும் சொல்லிவிட்டு, ஒருநாளும் மாறாமல் நடத்துங்கள். அடிக்கும் ஆசிரியரைக் கொடியவர் என்று முடிவுகட்டிவிடவும் வேண்டாம். பெரும்பாலும் அவரும் அப்படியே வளர்ந்தவர். உங்கள் வகுப்பு அமைதியாக நடப்பதைப் பார்த்து ஒருவர் வந்து கேட்டாலும் போதும், அந்தப் பேச்சு சுவாஹிலியில்தான் நடக்கும்.

அம்மாவுக்கு: மலேரியா அங்கே உண்மையான ஆபத்துதான், மறைக்கவேண்டாம். தடுப்பு மாத்திரையை நாள் தவறாமல் சாப்பிட வேண்டும், மருந்து தோய்த்த கொசுவலைக்குள் படுக்க வேண்டும், காய்ச்சல் வந்தால் காத்திருக்காமல் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அங்கே போய்ச் சில மாதங்கள் ஆனதும் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று எல்லாருக்கும் தோன்றும். நிறுத்தாதீர்கள். சாலை விபத்தும் கொசுவுக்குக் குறையாத ஆபத்து. வாடகை மோட்டார் சைக்கிளில் ஏற உங்களுக்கு அனுமதி இருக்காது. சந்தைக்குப் போக அது மட்டுமே கிடைக்கிற நாளிலும் ஏறாதீர்கள், நடந்தே போங்கள்.