வயதுக்கு வயது வேலைத்துறை மாறுவது ஏன்?

இளைஞர்கள் சில துறைகளிலும் மூத்தவர்கள் வேறு சில துறைகளிலும் குவிந்திருப்பது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 15 முதல் 24 வயது வரையுள்ளவர்களை இளைஞர்களாகக் கணக்கிடுகிறது. இவர்களைக் கடைகளிலும் உணவகங்களிலும் அதிகம் பார்க்கலாம். பில் போடவும் தட்டு ஏந்தவும் சில நாள் பழகினால் போதும். மாலை ஷிஃப்ட் படிப்புக்கும் ஒத்துவரும். மருத்துவம், கல்வி போன்றவற்றில் பட்டம், பயிற்சி என்று நுழையவே பல ஆண்டுகள் பிடிக்கும். அதனால் அங்கே வயது கூடுதல்.

உண்மையில் கவனிக்க வேண்டியது விவசாயம். அமெரிக்காவின் 2022 வேளாண் கணக்கெடுப்பில் பண்ணையாளர்களின் சராசரி வயது 58.1. வயதான பிறகு எல்லோரும் விவசாயத்துக்கு வந்துவிட்டார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. இளமையில் இறங்கியவர்கள் பலர் அங்கேயே தங்கிவிட்டார்கள். பிள்ளைகள் வேறு வேலை தேடிப் போனார்கள். சொந்தத் தொழிலில் கட்டாய ஓய்வு வயதும் இல்லை. புதிதாக வருபவருக்கோ நிலம் வாங்கவே பெரிய முதல் வேண்டும்.

ஆகவே எந்த வயதினர் எந்தத் துறையில் இருக்கிறார்கள் என்று காட்டும் அட்டவணையை ஒரு மனிதரின் வாழ்க்கைப் பாதையாகப் படிக்காதீர்கள். இருபது வயதுக்காரர் உணவகத்திலும் ஐம்பது வயதுக்காரர் ஆலையிலும் இருப்பதாகத் தெரிந்தால், முன்னவர் பின்னாளில் ஆலைக்குப் போவார் என்று சொல்ல முடியாது. அந்த ஆலை புதிதாக ஆள் எடுப்பதை நிறுத்தியே இருபது வருடம் ஆகியிருக்கலாம்.