சாமியோடு பேச்சில்லை

அன்புள்ள ஐயா,

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். இப்போது எலும்புக்குப் பரவிவிட்டது. வருடம் தவறாமல் பழனிக்கு நடந்தே போனவர், திருநீறு நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். “அவனுக்கும் எனக்கும் பேச்சில்லை” என்கிறார். நோய் பரவியதை நாங்கள் அவரிடம் சொல்லவில்லை. மனம் ஆற எந்த நூலை வாசித்துக் காட்டலாம்?

(பெயர் வேண்டாம், கோபிசெட்டிபாளையம் பக்கம்)

அன்புள்ள அம்மிணிக்கு,

நூல் கிடக்கட்டும். ராத்திரியெல்லாம் எலும்பைக் குடைகிறபோது திருவாசகம் காதில் ஏறாது. முதலில் வலியைப் பாருங்கள். மார்ஃபின் என்கிற வலி மருந்தை எழுதிக்கொடுத்தால் ‘பழகிப்போகும்’ என்று பதறி ஒளித்து வைக்காமல், டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் கொடுங்கள். மலச்சிக்கல் வரும், அதற்கும் சேர்த்தே மருந்து கேளுங்கள். எலும்பு வலிக்குக் கதிர்வீச்சு உதவுமா என்றும் கேளுங்கள்.

சிசிலி சாண்டர்ஸ் என்றொரு அம்மையார். நர்ஸாக இருந்து, பிறகு டாக்டருக்குப் படித்து, 1967-ல் லண்டனில், தீராத நோயாளிகளைக் கடைசிவரை கவனிக்கிற செயின்ட் கிறிஸ்டோபர் காப்பகத்தைத் தொடங்கியவர். உடம்பும் மனமும் உறவும் ஆன்மாவும் சேர்ந்தே வலிப்பதை ‘முழு வலி’ என்றார். உடம்புக்கு மாத்திரை உண்டு. மற்றதற்கெல்லாம் நாம் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு போய் நிற்கிறோம்.

இனி திட்டு. உங்கள் அம்மாவுக்குத் தெரியாது என்றா நினைக்கிறீர்கள்? வந்த ஒரம்பரை, அதாவது சொந்தபந்தம், வாசலில் நின்று குசுகுசுப்பதிலேயே தெரிந்திருக்கும். தெரியாதது போல நடிக்கிற வேலையையும் நோயாளி தலையில் கட்டிவிட்டீர்கள்.

போன வாரம் காங்கேயம் பக்கம் எங்கள் பழைய கிணற்றைத் தாண்டிப் போனேன். அதிலிருந்து இதே நினைப்புதான். அந்தக் கிணற்று முறைத்தண்ணித் தகராறில் பெரியப்பாவும் சித்தப்பாவும் 18 வருடம் பேசவில்லை. நல்லது கெட்டதுக்கும் போக்குவரத்து இல்லை. பெரியப்பாவுக்கு வாய்ப்புற்று வந்தது. புகையிலை. பேச்சு நின்றபின் பேத்தியின் சிலேட்டில் எழுதிக் காட்டுவார். ஒருநாள் என்னிடம் நீட்டினார்: ‘தம்பிய வரச்சொல்லு.’

“நல்லாயி எந்திரிச்சு வாங்க பெரிப்பா, அப்புறம் பேசிக்கலாம்” என்றேன். ஆறுதல் சொன்னதாக நினைப்பு. அவர் உள்ளங்கையால் சிலேட்டைத் துடைத்தார். பிறகு என்னிடம் எதுவும் எழுதவில்லை. நாங்கள் கோயிலுக்கு ஓடி, பிழைப்பாரா என்று பூக்கேட்டோம். வெள்ளைப் பூ வந்தது, எல்லோருக்கும் சந்தோஷம். ஒன்பதாம் நாள் போய்விட்டார்.

சுடுகாட்டில் சித்தப்பா என்னைத் தனியே கூப்பிட்டார். “என்னயக் கேட்டாராடா?”

“இல்லீங் சித்தப்பா” என்றேன். அவருக்கு வலிக்கக்கூடாதாம்! சித்தப்பாவும் இப்போது இல்லை.

எல்லாவற்றையும் அம்மாவிடம் கொண்டுபோய்க் கொட்டச் சொல்லவில்லை. அவர் கேட்கிற அளவுக்குச் சொல்லுங்கள், பொய் சொல்லாதீர்கள். ‘நான் போயிட்டா’ என்று தொடங்கினால் ‘சும்மா இருங்கம்மா’ என்று வாயை அடைக்காதீர்கள்.

முருகன் விஷயம்? அத்தனை வருடம் நடந்தவருக்குக் கோபிக்க உரிமை இல்லையா? வேறு யாரோடு சண்டை போடுவார்? அது அவர்கள் இரண்டு பேர் வழக்கு, நீங்கள் பஞ்சாயத்துக்குப் போகவேண்டாம். இன்று சாயங்காலம் திருநீற்றுத் தட்டைப் பூஜை அலமாரியிலேயே விட்டுவிட்டு, கட்டில் ஓரமாக உட்கார்ந்து, “ஏனுங்கம்மா, மனசுல என்ன ஓடுது?” என்று கேளுங்கள். உடனே பதில் வராது. அதுவரை அந்த டிவியை அணைத்து வையுங்கள்.